கல்லில் இல்லாத பெயர்

எங்கள் அக்கா இறைவனிடம் போய்ச் சேர்ந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. ஆண்டுப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்காவிடம் படித்த மாணவர்களுக்கும், உடன்பிறந்த தம்பியின் வணக்கம். மறைந்தவர்களைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். அக்காவைப் பற்றி எழுத நல்லது நிறைய இருக்கிறது. கெட்டது கொஞ்சம் என் பக்கம் இருக்கிறது. அதையும் எழுதாவிட்டால் இந்த மலரை அச்சடித்ததில் பொருளில்லை.

அக்கா அனுமந்தன்பட்டியில் பிறந்தார். அப்பா அடுத்தவர் வயலைக் குத்தகைக்கு உழுதவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அம்மா நாற்று நடவும் களையெடுக்கவும் போய் எங்கள் இருவரையும் காப்பாற்றினார். அக்கா ஆசிரியப் பயிற்சி முடித்து, முதலில் ஓடைப்பட்டியிலும் பிறகு மார்க்கையன்கோட்டையிலும் வேலை பார்த்து, தொண்ணூற்றாறில் ஓய்வு பெற்றார். என்னைப் படிக்கவைத்ததும் எனக்குத் திருமணம் செய்துவைத்ததும் அக்காவின் சம்பளம். தம்பிக்காகத் தன் திருமணத்தையே தியாகம் செய்தார் என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். உண்மை அப்படியல்ல. வந்த மூன்று மாப்பிள்ளைகளையும் அக்காவே விசாரித்து, ஒருவர் குடிக்கிறார், ஒருவர் பொய் சொல்கிறார், ஒருவருக்குத் தாயைக் கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்கத் தெரியாது என்று தள்ளிவிட்டார்.

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. வேறு சொத்து இல்லாததால் அதை நன்றாகவே வளர்த்தோம். அக்கா பால்காரர் எதிரிலேயே பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். நானோ உத்தமபாளையத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். வில்லங்கம் பார்த்துப் பார்த்து, யாராவது சிரித்துக்கொண்டே வந்தால் இவர் ஏன் சிரிக்கிறார் என்று யோசிக்கிற புத்தி வந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் ஒரே வித்தியாசம்தான். அக்காவுக்குச் சந்தேகம் வந்தால் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். நான் கேட்காமல் உள்ளே வைத்திருப்பேன்.

அக்கா ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் கழித்து மதுரையிலிருந்து ஓர் அறக்கட்டளையினர் வந்தார்கள். மலைச்சாலை ஏறும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நீளமான கல் கட்டடம் இருக்கிறதே, அதற்காகத்தான் வந்தார்கள். எங்கள் சிறுவயதில் அது ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கி. வயதானவர்கள் மட்டும் அதைக் கொட்டடி என்பார்கள், சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கங்காணிகள் முன்பணம் கொடுத்து வளைத்த குடும்பங்களை, மலைத்தோட்டங்களுக்கு நடத்திக்கொண்டு போகும் நாள்வரை அதற்குள் அடைத்து வைத்திருந்தார்கள். தோட்டத்திலிருந்து தப்பி இறங்கி வந்தவர்களைப் பிடித்து அங்கேயே பூட்டினார்கள். அந்த இடத்தை அருங்காட்சியகமாகவும் பள்ளிப் பிள்ளைகள் வந்து கற்கும் இடமாகவும் மாற்றப் போகிறோம், உள்ளூர்ப் பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டும் என்று அக்காவிடம் கேட்டார்கள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த இடத்தின் சொந்தக்காரர் வரப்பில் ஒரு முழம் விட்டுக்கொடுக்காதவர். அவர் ஒரு கட்டடத்தையே தானமாக எழுதிக் கொடுக்கிறார் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. ஊரும் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டுக் காசு வருகிறது என்றார்கள். கேரளாக்காரர்கள் ஹோட்டல் கட்டப் போகிறார்கள், அதற்கு இது முன்னேற்பாடு என்றார்கள். ஒருவர் பஸ் நிறுத்தத்தில் அக்காவிடமே கேட்டார்.

“டீச்சருக்கு எம்புட்டுக் குடுக்குறாக?”

“பஸ்ஸுக்கு நாந்தான் டிக்கெட் எடுக்கிறேன். நம்பிக்கை இல்லேன்னா கூட வாங்க, ஒங்களுக்கும் சேத்து எடுக்கிறேன்” என்றார் அக்கா.

அறக்கட்டளையை அக்காவும் நம்பிவிடவில்லை. வேலை தொடங்கிய பிறகு ஒரு நாள் நானும் உடன் போயிருந்தேன். ஆசாரி பழைய கதவைச் செப்பனிட்டு, தாழ்ப்பாளைக் கழற்றி உட்பக்கம் மாட்டியிருந்தார். வாசலில் ‘தோட்டத் தொழிலாளர் தங்குமிடம்’ என்று புதுப் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

“தாழ்ப்பாள் ஏன்யா உள்ள வந்துச்சு?” என்று அக்கா கேட்டார்.

“வெளிய இருந்துச்சு டீச்சர். எவனோ வெவரங்கெட்டவன் தப்பா மாட்டிட்டான் போல. நான் சரி பண்ணிட்டேன்” என்றார் ஆசாரி பெருமையாக.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பொறியாளர் ஓடிவந்தார். அக்கா அவரிடம், “தங்குறவன் கதவ உள்ளருந்து சாத்துவான். வெளியருந்து சாத்துனா அதுக்குப் பேரு தங்குமிடமா? தாழ்ப்பாளும் வெளிய போகணும், இந்தப் பலகையும் வெளிய போகணும். அதுவரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்” என்றார். ஆசாரி நல்ல மனிதர். கதவு என்றால் தாழ்ப்பாள் உள்ளே இருக்கும் என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் நினைக்கவில்லை. பலகை எழுதியவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. சாயங்காலத்துக்குள் தாழ்ப்பாள் பழைய இடத்துக்குப் போனது. பலகை மாற மூன்று மாதம் ஆயிற்று. ‘மனிதர்களை அடிமைகளாக அடைத்து வைத்த இடம்’ என்று இன்று அங்கே இருக்கும் வரி அக்கா எழுதியது.

அடுத்து வந்தது பெயர்க்கல். உள்ளே அடைபட்டவர்களின் பெயர்களை ஒரு கல்லில் வெட்டி வைக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. பழைய மாதா கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் தோட்டத்துக் காகிதங்களிலும் தேடிப் பெயர்களைச் சேர்த்தார். பிறகு அந்தந்த வீடுகளுக்குப் போய்ச் சம்மதம் கேட்டார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. “எங்காளு அங்கன இல்லவே இல்ல, ஆரோ தப்பாச் சொல்லியிருக்காக” என்று கதவைச் சாத்தினார்கள். அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. டீச்சரின் பட்டியலில் இருப்பவர்களுக்கு வேறு ஏதோ கொடுக்கப் போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவ்வளவுதான், ஒரே வாரத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் அடிமை வம்சமாகிவிட்டது. வடக்கேயிருந்து வந்து கடை வைத்திருந்தவர்கூடத் தன் தாத்தா பெயரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அக்கா ஒரு விதி வைத்தார். திறப்பு நாளன்று அந்த வம்சத்தில் ஒருவர் கொட்டடிக்குள் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, அந்தப் பெயரைச் சொல்லி, ‘இவர் என் ஆள்’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஒப்புக்கொள்பவர் இருந்தால்தான் பெயர் கல்லில் ஏறும். கொடுப்பதற்கு ஒரு சோப்பு டப்பாகூடக் கிடையாது. கூட்டம் கலைந்தது. பதினொரு குடும்பங்கள் மட்டும் நின்றன.

இனி என் கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதியது. குழந்தையின் பெயர் எங்கள் தாத்தாவின் பெயர். தாய் சவரியாயி. பிறந்த இடம் கூலிக்கொட்டடி. திருநெல்வேலிப் பக்கமிருந்து நிலம் வாங்கக் காசோடு வந்த குடும்பம் என்று நாங்கள் எல்லோரிடமும் சொல்லி வந்தோம். எங்கள் தாத்தா பூட்டிய கதவுக்குள் பிறந்திருக்கிறார்.

அப்போது என் மகளுக்கு ஓடைப்பட்டியில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். திராட்சைத் தோட்டக்காரர்கள், பெயர் சொன்னால் தெரியும் குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா அக்காவிடம் படித்தவர். அந்தச் சம்பந்தத்தைச் சொன்னதே அக்காதான்.

“அக்கா, இந்தப் பேரு கல்லுல ஏறக்கூடாது” என்றேன்.

“ஏன்டா?”

“கொட்டடியில பெறந்தவன் பேரன் மகள எடுப்பாகளா? புள்ள வாழ்க்கக்கா. ஒன் காலுல வேணாலும் விழுறேன்.”

அக்கா சிரித்தார். அழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. “சரிடா. ஒன்னையக் கேக்காம எழுத மாட்டேன்” என்று காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இவ்வளவு சுலபமாக அக்கா எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது.

திறப்பு விழா நாளில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் வருங்காலச் சம்பந்தி. அக்கா ஒவ்வொரு பெயராக வாசிக்க, ஒவ்வொருவராக எழுந்து நின்று சொன்னார்கள். ஒரு வயதான அம்மா சொல்ல முடியாமல் அழுதார். பதினொரு பேரும் முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஊரு பேரெல்லாம் கல்லுல வெட்டிட்டீகளே டீச்சர், ஒங்க வீட்டாளு ஒருத்தர்கூடவா அங்கன இல்ல? அசிங்கமெல்லாம் எங்களுக்குத்தானா?”

யாருக்கும் பதில் சொல்லாமல் விடாத அக்கா, கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சம்பந்தியும் தலையைக் குனிந்திருந்ததை அப்போது பார்த்தேன். அக்காவைப் பற்றித் தவறாக நினைக்கிறார் போல என்று பயந்தேன். அதன் பிறகு ஊரில் அக்காவைப் பற்றி, “அடுத்தவுக மானத்த வித்து மாலை போட்டுக்கிட்டாக” என்று பேசினார்கள். அக்கா காதிலும் அது விழுந்தது. அப்போதும் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய், வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்.

மகளின் திருமணம் நன்றாக நடந்தது. ஆனால் என் மனம் அடங்கவில்லை. அக்கா எப்போதாவது சொல்லாமல் அந்தப் பெயரைச் சேர்த்துவிடுவார் என்றே நினைத்தேன். உத்தமபாளையத்திலிருந்து வேலை இருக்கிற மாதிரி போய்க் கல்லைப் பார்ப்பேன். மேலிருந்து கீழே விரல் வைத்து எண்ணுவேன். கல்லின் பின்பக்கத்தையும் ஒரு முறை பார்த்தேன். பதினொன்றுதான்.

போன வருடம் மூச்சுத்திணறல் அதிகமாகி அக்காவைத் தேனியில் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஒரு மத்தியானம், நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“கல்லப் போயிப் போயிப் பாத்தியாமே?”

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. “பாத்தேன்க்கா.”

“இருந்துச்சா?”

“இல்ல.”

“அப்பறம் என்னடா” என்று கையை நீட்டிச் சுளையை வாங்கிக்கொண்டார். நான்கு நாள் கழித்து அக்கா போய்விட்டார். என்னை வளர்த்தவர், வாழ்நாளில் ஒரு முறையும் என்னை ஏமாற்றாதவர், அவரை நான் திருடனை வேவு பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறேன். இதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, சம்பந்தி மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

“சம்பந்தி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிக்கக் கூடாது” என்றார். “எங்க பூட்டன் ராயப்பன், தோட்டத்துலருந்து தப்பி வந்து அந்தக் கொட்டடியில கெடந்தவரு. டீச்சர் பேரக் கண்டுபிடிச்சு வந்து கேட்டாக. பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா சம்பந்தம் நின்னுபோகும், எழுதாதீகன்னு காலப் புடிச்சேன். சரின்னுட்டாக. அன்னிக்கு எல்லார் முன்னாலயும் அவுக அவமானப்பட்டு நிக்கிறாக, நான் வாயில்லாம ஒக்காந்திருந்தேன்.”

“எப்பக் கேட்டீக?”

“பூவச்சு நிச்சயம் பண்றதுக்கு ரெண்டு வாரத்துக்கு முந்தி.”

நான் கேட்டது அதற்கடுத்த வாரம். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு சந்தேகப் பிராணிகள் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைக்க, இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு அக்கா எங்கள் பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் இருவர் பயமும் போயிருக்கும். ஆனால் என்னிடம் சொன்னால் சம்பந்திக்குக் கொடுத்த வாக்கு போகும், சம்பந்தியிடம் சொன்னால் எனக்குக் கொடுத்த வாக்கு போகும். அதனால் அக்கா தன் பூட்டி சவரியாயிக்காகத் தான் எழுந்து நிற்கும் உரிமையை விட்டுக்கொடுத்தார். என் பூட்டியின் பெயரையும் நான் சொன்னேன். சம்பந்தி நாற்காலியைவிட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கை நடத்திய பங்குச் சாமியாருக்கும், இரவு பகல் பாராமல் உதவிய அண்டை வீட்டாருக்கும், ஊர் ஊராக வந்து நின்ற மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. திறப்பு விழாவில் பின்னாலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கும் நன்றி சொல்கிறேன். கேட்டது நியாயம். பதில் சொல்ல வேண்டியவன் மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

இதையெல்லாம் அச்சில் போடச் சம்மதமா என்று சம்பந்தியிடம் கேட்டேன். சம்மதம் என்றார். பத்திர எழுத்தன் புத்தி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

இன்று பூசை முடிந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், நாங்கள் கொட்டடிக்குப் போகிறோம். கல் வெட்டுபவரும் உளியோடு வருகிறார். அக்காவின் விதிப்படி முதலில் சம்பந்தி ராயப்பனுக்காக எழுந்து நிற்பார். அடுத்து நான் நிற்பேன். ‘சவரியாயி, எங்கள் தாத்தாவைப் பெற்றவர், இங்கே அடைபட்டுக் கிடந்தவர், இவர் என் ஆள்’ என்று சத்தமாகச் சொல்வேன். இவன் சொல்லுவானா என்று சந்தேகப்படுகிறவர்கள் எங்கள் கூடவே வந்து நின்று கேட்டுக்கொள்ளலாம்.