பேஸ்மென்ட் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் நானே

மாணவனாக நடிப்பதும் ஒரு தொழில்தான். மறுப்பவர்கள், ஆசிரியையாகப் போகிற அக்காவோடு ஒரே வீட்டில் ஒரு பனிக்காலத்தைக் கழித்திருக்க மாட்டார்கள். கழித்தவர்கள் என் பக்கத்தில் வந்து இருங்கள்.

என் அக்கா கீர்த்தி, கொரியாவில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பிக்க விண்ணப்பித்திருந்தாள். கொம்பியூட்டர் வழியாக ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டினால்தான் வேலை. அவளுக்கோ யாராவது திருப்பிக் கதைத்தால் குரல் உள்ளே போய்விடும். ஆகவே கனடாவில், மார்க்கம் நகரத்து எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒத்திகை தொடங்கியது.

பெரியம்மாவுக்கு ஏழு வயது

வகுப்பின் பிள்ளைகள் எல்லாம் நான்தான்; பாவனை செய்யக் கைவசம் இருந்த குரல்களை அவர்களுக்குப் பங்கிட்டேன். பஸ்ஸில் தரிப்பிடம் சொல்லும் குரலில் ஒரு தூங்குமூஞ்சி. கோயில் ஐயரின் மூக்குக் குரலில் ஒரு பையன், எதையும் மூன்று தரம் சொல்வான். முன்வரிசையில், ஸ்ரௌவ்வில் என்கிற பக்கத்து ஊரில் இருக்கும் எங்கள் பெரியம்மா, ஏழு வயதில், ரெட்டைப் பின்னலோடு.

அக்கா அப்பிள் படத்தைக் காட்டினாள். "உது பழுக்கேல்லை மிஸ். எங்க வாங்கினனீங்கள்? என்னைக் கேட்டிருந்தா நல்ல கடை சொல்லியிருப்பன்" என்றா பெரியம்மா. அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். பாதியில் அது அழுகை மாதிரி ஆகிவிட்டது.

"பெரியம்மாவை வகுப்புக்கு வெளியில விடு. மிச்சப் பேரை வைச்சுப் படிப்பிக்கிறன்."

உடுப்பு மெஷினுக்குப் பக்கத்தில்

அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் விருப்பமில்லை. "படிப்பிக்க இங்க பிள்ளையள் இல்லையோ?" என்று கேட்டபடிதான் உடுப்புக் கூடையோடு இறங்கி வருவா. கனடாவுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் இங்கிலிஷ் வகுப்புக்குப் போய், கடைசி வரிசையில் இருந்து, வாயே திறக்காமல் திரும்பியவ அவ.

அன்று உயரத்துச் சின்ன ஜன்னலில் பனி அவசரமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. உடுப்பு உலர்த்தும் டிரையர் தூரத்துக் கடல் மாதிரி உருண்டது. "வெளியே எப்படி இருக்கிறது?" என்று அக்கா இங்கிலிஷில் கேட்டாள். எந்தக் குரலை எடுக்கலாம் என்று நான் கண்ணை மூடி யோசித்தேன். அக்கா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இட் இஸ் ஸ்னோயிங்." மெஷின் பக்கமிருந்து, மெல்ல. நாங்கள் இரண்டு பேரும் திரும்பவில்லை. திரும்பினால் கலைந்துவிடும் போலிருந்தது. அம்மா துவாயை உதறி மடித்தா.

"அண்டைக்கு அந்த மிஸ்ஸும் இப்பிடிக் கொஞ்சம் பொறுத்திருந்தா, நானும் சொல்லியிருப்பன்."

படிக்கட்டில் ஒரு மாணவி

மாதிரி வகுப்பு அன்று, படிக்கட்டில் இருக்கலாம், மூச்சு விடக்கூடாது என்பது எனக்கு உத்தரவு. திரையில் கொரியாவின் தலைமை ஆசிரியை. அக்கா படத்தைக் காட்டி, பூனை எங்கே என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தாள். பழகின பழக்கம், முன்னால் பிள்ளைகளே இல்லை என்பது அவளுக்கு மறந்துவிட்டது. திரையில் இருந்தவவும் பொறுத்திருந்தா. அக்காவின் காது சிவந்தது. வேலை எங்கள் கண் முன்னால் மெதுவாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

என் வாயைத் திறந்தது நானல்ல, பெரியம்மா. "மேசைக்குக் கீழ, மிஸ். எனக்கு முதலே தெரியும், ஒருத்தரும் கேக்கேல்லை" என்று இங்கிலிஷில் இழுத்தா. அக்கா திரும்பவேயில்லை. "நன்றி. இனி மற்றவர்களும் சொல்லட்டும்" என்றாள், நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில். எத்தனை பிள்ளைகள் அங்கே என்று சிரித்தபடி கேட்டா தலைமை ஆசிரியை. அதற்கும் அக்காவின் குரல் உள்ளே போகவில்லை.

"ஒருத்தன்தான். ஆனால் வகுப்பு நிறைந்துவிட்டது."

இரண்டு மணிக்கூடுகள்

இப்போது எங்கள் சுவரில் இரண்டு மணிக்கூடுகள். இரண்டாவது, கொரியா நேரம் காட்டுவது, அம்மா வாங்கி மாட்டியது. எங்களுக்கு விடியும்போது அக்காவுக்குப் பொழுதுபட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் நின்றால் வீடு பாதித் தூக்கத்தில் மிதப்பது போலிருக்கும்.

போன கிழமை காலை, நான் பாண் துண்டைக் கடிக்கும்போது அழைத்தாள். "பிள்ளையள் இன்னும் வாய் திறக்கேல்லையடா. பொறுத்துக்கொண்டிருக்கிறன். வகுப்பு சரியான அமைதி. பெரியம்மாவை ஒருக்கா விடு." போனோடு பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, பெரியம்மாவை ஆசைதீர விட்டேன். மறுபக்கமிருந்து அக்காவின் அந்தப் புதுக்குரல் வந்தது.

"பெரியம்மா, கையை உயர்த்திப்போட்டுக் கதையுங்கோ."

தொழிலைத் திறமையாகச் செய்தால் மேலே வரலாம் என்று சொல்கிறார்கள். நான் செய்த திறமையில் மிஸ்ஸோடு சேர்ந்து என் வகுப்பே நாட்டைவிட்டுப் போய்விட்டது.