மச்சானின் வளரும் கல்

வடக்கனந்தலில் என் மனைவியின் அண்ணனுக்கு ஒன்றரை ஏக்கர் கரும்பு. 1987 கோடையில் அவர் கிணறு வற்றியது. நிலத்தில் ஈரம் நின்றது ஒரே மூலையில்தான். அங்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல்.

"அது வளர்ற கல்லுங்க மாப்ள. வருஷத்துக்கு ஒரு விரக்கடை ஏறிகினு இருக்குது. வேர் கல்வராயன் மலைக்கே போவுது. அங்க தோண்டினா கெணத்தையே அடைச்சிடும்" என்றார் மச்சான். கரும்பு காய்ந்தாலும் பரவாயில்லை, கல்லைத் தொடக்கூடாது.

எதையும் தேதி போட்டு எழுதிவைப்பது என் வழக்கம். மச்சான் முன்பே இதைச் சொல்லியிருந்ததால் அந்தக் கல்லில் உளியால் ஒரு கோடு வெட்டி, மூன்று பொங்கல் அளந்திருந்தேன். கோட்டுக்கு மேலே கல் ஒரு நூல்கூட ஏறவில்லை. கோட்டுக்குக் கீழே தரைதான் இறங்கியிருந்தது. நோட்டைக் காட்டினேன். உங்கள் மண் மழையில் கரைந்து கோமுகி ஆற்றோடு கடலுக்குப் போகிறது. அங்கே படிந்து இறுகிக் கல்லாகும். இன்னும் ஆழத்தில் புதைந்தால் வெந்து வேறு கல்லாகும். என்றைக்கோ மலையாக எழும்பும். இந்தக் கல்லும் அப்படி வெந்து வந்ததுதான், சுற்றிலும் இருந்த பாறை உளுத்து மண்ணாகிவிட இது மட்டும் மிஞ்சியிருக்கிறது என்றேன்.

"என் மண்ணு மலையா வர்றப்ப சொல்லுங்க மாப்ள, பட்டா வாங்கிடறேன்" என்றார். வரப்பில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் வந்தது. பஸ் ஓடவில்லை, கள்ளக்குறிச்சியிலிருந்து சைக்கிளில் போயிருந்தேன். ரோட்டை அடைக்க மரம் போதவில்லை என்று பத்துப் பேர் கடப்பாரையோடு வந்து அந்தக் கல்லை நெம்பினார்கள். மலைவரை வேர் விட்ட கல் பூசணிக்காய் மாதிரி உருண்டது. அடியில் கையால் பிட்டாலே உதிரும் உளுத்த பாறை, அதில் நல்ல ஈரம்.

"வேர் எங்கே மச்சான்?"

"அதான் அறுத்துட்டானுங்களே!"

அடுத்த மாதமே அங்கே கிணறு தோண்டினார். வெடிக்கு வேலையே இல்லை, மண்வெட்டிக்கே பாறை வழிவிட்டது. தண்ணீர் ஊறியது, கரும்பு பிழைத்தது. நன்றி என் நோட்டுக்கு அல்ல. ரோட்டோரம் தள்ளிவிட்டிருந்த கல்லுக்கு.

பொங்கலுக்குப் போனபோது என்னை அங்கே கூட்டிப்போனார். மழை ரோட்டோர மண்ணை அரித்திருந்தது.

"பாத்தீங்களா மாப்ள? இங்கயும் வளந்துகினுதான் இருக்குது!"

நான் அளக்க வெட்டிய கோட்டின் மேல் பட்டையாக விபூதி பூசியிருந்தார்.