கஜேந்திரன் ஏன் கத்தவில்லை

காயாத போர்வையும் வியர்வையும் கலந்த வாடை... மழை நாளில் துணி சரியாகக் காயவில்லை என்றால் இப்போதும் எனக்கு பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் ரெக்கார்டிங் அறைதான் ஞாபகம் வரும்.

ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே சின்ன மாடி அறை. எதிரொலி வரக்கூடாது என்று சுவரெல்லாம் கனத்த போர்வைகள் தொங்கும். ரெக்கார்டிங் தொடங்கினால் ஏர்கோன், காத்தாடி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம். மோனோரயில் போனால் அப்படியே வாயை மூடிக்கொண்டு நிற்போம். ஞாயிறு மத்தியானத்தில் ஆறு பேர் உள்ளே வெந்துகொண்டிருப்போம்... ஆனாலும் ஒருத்தரும் வராமல் இருந்ததில்லை.

நாங்கள் செய்தது ஒலி நாடகம். வாரம் ஒரு பாகம், வாட்சாப் குழுவில் போடுவோம். உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். எழுதியது நான்.

வில்லன் பெயர் கஜேந்திரன். துறைமுகத்தில் கள்ளச் சரக்கு இறக்குகிறவன். அவனிடம் வேண்டாவெறுப்பாக வேலை பார்ப்பவள் தேவகி. தம்பி அவன் பிடியில் இருப்பதால் அவளால் விலக முடியாது. கஜேந்திரனாகப் பேசியவன் பிரகாஷ். கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் வேலை, நேரில் பரம சாது. தேவகியாகப் பேசியவள் என் சித்தி மகள் ஜெயந்தி.

ஜெயந்தி அப்போது என் வீட்டில்தான் இருந்தாள். பந்திங் ஊரில் இருந்த கணவர் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டால், "என்னமோ ஒரு மாதிரி இருக்குக்கா" என்பாள். அதற்கு மேல் வாயிலிருந்து ஒன்றும் வராது. அவர் அடிப்பதில்லை, குடிப்பதில்லை, அப்புறம் என்ன குறை என்று சொந்தக்காரர்கள் போனில் என்னைத் துளைத்தெடுத்தார்கள். பெரியவர்கள் நேரில் வந்து அழைத்துப்போவதாகப் பேச்சு. போவதா, வேண்டாமா... அது அவளுக்கே தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் குழுவில் அந்த விவாதம் கிளம்பியது. கஜேந்திரனும் தேவகியும் காதலிக்கிறார்களா?

"அவகிட்ட மட்டும் எவ்வளவு மெதுவா பேசுறான் பாத்தீங்களா" என்று ஷா ஆலத்திலிருந்து ஒரு அக்கா வாய்ஸ் அனுப்பினார்.

"அவளும்தான் லா. புடிக்காமலா இன்னும் ஓடாம இருக்கா?" என்றார் இன்னொருவர்.

அவன் மெதுவாகப் பேசியதன் உண்மைக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பக்கத்து அறையில் டியூஷன் வகுப்பு. ஆரம்பப் பாகங்களில் பிரகாஷ் போட்ட கூச்சலில் டீச்சர் வந்து கதவைத் தட்டி, "அண்ணே, பிள்ளைங்க பயப்படுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கஜேந்திரன் கத்தவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகவே மிரட்டினான். ஜனங்கள் அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கேட்டுக் கேட்டு, எழுதிய எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசிப் பாகத்தை அவர்கள் ஆசைப்படியே முடித்தேன். தம்பியை விடுவித்துவிட்டு, கஜேந்திரன் கூப்பிடுகிறான். தேவகி "வரேன்" என்கிறாள். அவ்வளவுதான்.

பிரகாஷ் அழகாகச் சொன்னான். "பயப்படாத தேவகி. என்கூட வந்துடு."

ஜெயந்தி பேசவில்லை. வசனம் மறந்துவிட்டது போல என்று நினைத்தேன். பார்த்தால் கை நடுங்குகிறது. தாள் சத்தம் மைக்கில் விழாதபடி அதை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இது லவ் இல்லக்கா."

"இவ்வளவு பொறுமையா கூப்பிடுறானேம்மா" என்றான் பிரகாஷ், தன் வில்லனுக்காக.

"எங்க வீட்டுக்காரரும் மெதுவாத்தான் பேசுவாரு. ஒரு நாள்கூட சத்தம் போட்டதில்ல. பக்கத்து வீட்டுல எல்லாம் தங்கமான மனுஷன்னு சொல்லுவாங்க. எங்க போன, யாருகிட்ட பேசுன, போனக் குடு... எல்லாமே மெதுவாத்தான். கார் வந்து நிக்கிற சத்தம் கேட்டாலே, இன்னைக்கு என்ன பதில் சொல்லணும்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்குவேன். என்னைக்காவது ஒண்ணும் கேக்காம சாப்பிட்டுப் படுத்துட்டாருன்னா, அப்பாடான்னு இருக்கும். அந்த அப்பாடாவத்தான்க்கா நான் அன்புன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

வீட்டில் நான் எத்தனையோ தடவை கேட்டும் வராத பதில், தேவகியாக நின்றபோது வந்துவிட்டது.

"அப்போ தேவகி என்ன சொல்லுவா?" என்று கேட்டேன்.

"மறுபடி எடுங்க" என்றாள்.

பிரகாஷ் மறுபடியும் கூப்பிட்டான். அவன் குரல்தான் இந்த முறை தடுமாறியது.

"கதவத் தொறங்க பாஸ். நான் வீட்டுக்குப் போறேன்."

குழுவில் பாதிப் பேர் என்னைத் திட்டினார்கள். சிலர் குழுவை விட்டே போனார்கள். பெரியவர்களும் சொன்னபடி வந்தார்கள், கூடவே அவள் கணவரும். "வா ஜெயந்தி, போலாம்" என்று மெதுவாகத்தான் கூப்பிட்டார். எல்லோருக்கும் டீ கொடுத்து முடித்துவிட்டு, "நான் வரல" என்றாள். அதற்குப் பிறகு நடந்த பேச்சுகளை இங்கே எழுத மனமில்லை.

இப்போதும் நாடகம் போடுகிறோம். அவரவர் வீட்டிலிருந்து போனில் பேசி அனுப்பிவிடுகிறோம். வியர்வை இல்லை, அலைச்சல் இல்லை, சத்தமும் சுத்தமாக வருகிறது. பேசுகிறவர் கை நடுங்குகிறதா என்றுதான் தெரிவதில்லை. அந்த ஒன்றுக்காகவே பழைய அறையை நினைத்து மனம் ஏங்குகிறது.

பழைய பாகங்களை யாரோ யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் எழுதியிருந்தாள், "அக்கா, கஜேந்திரன் தேவகிய உண்மையா லவ் பண்ணானா இல்லையா?"

அதை அப்படியே ஜெயந்திக்கு அனுப்பினேன். அவளுக்கு இப்போது ஷா ஆலத்தில் வேலை, தனி வீடு. வாய்ஸில் பதில் வந்தது.

"பண்ணியிருப்பான்க்கா. யாருக்குத் தெரியும். அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னே எல்லாரும் கேக்குறாங்க. வீட்டுக்குப் போன அன்னைக்கு அவ நல்லா தூங்குனாளான்னு ஒருத்தரும் கேக்கல."

"தூங்குனாளா?" என்று கேட்டேன்.

"தூங்குனா. வெயில் மூஞ்சியில அடிக்கிற வரைக்கும் தூங்குனா."