சத்தியமா ஒரு சொட்டு இல்லண்ணே

பாரில் பானம் கலக்குகிறவள் குடிக்கமாட்டாள் என்றால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்; சைவக்காரி மீன் கடை வைத்த மாதிரிதான் என் பிழைப்பு. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஆறு வருஷமாக இந்தத் தொழில். கூட வந்தவர்கள் பீர் ஊற்றிக்கொள்ள, நீங்கள் மட்டும் மூலையில் ஐஸ் தண்ணியை உறிஞ்சிவிட்டு வீடு வந்ததுண்டா? அப்படியானால் நீங்களும் நம்ம ஜாதி, உட்காருங்கள்.

இரண்டே காரணம்

லீவு நாளில் மற்ற பார்களுக்கு வாடிக்கையாளராகப் போய் வேவு பார்ப்பேன். ஒரு பெரிய ஓட்டலில் சரக்கில்லாமல் ஏதாவது கேட்டேன். சிவப்பு சிரப்பில் சோடாவை ஊற்றி, காகிதக் குடையைக் குத்தி நீட்டினார்கள். இருமல் மருந்து தேவலை. அடுத்த கடையில் லைச்சிப் பழ டின்னை என் கண்ணெதிரே உடைத்துக் கவிழ்த்து, அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று வைத்திருந்தார்கள். அடப்பாவிகளா! ஆயர் ஈத்தாம் சந்தையில் சீனத்து அம்மா ஒருத்தர் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் ஜாதிக்காய் ஜூஸுக்கும், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை நாசி கண்டார் சோற்றுக் கடையில் உப்புப் புளிப்பாகத் தரும் எலுமிச்சைத் தண்ணிக்கும் பக்கத்தில் இதெல்லாம் நிற்குமா?

மூன்றாவது பாரில் அதே கேள்வியைக் கேட்டேன். வெயிட்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குனிந்து, ரகசியமாகக் கேட்டார்: "அக்கா, காடி ஓட்டணுமா, இல்ல முழுகாம இருக்கீங்களா?"

கண்ணாடி கிளாஸ்

அந்தக் கோபத்தில் பாஸிடம் மல்லுக்கட்டி, எங்கள் மெனுவில் சரக்கில்லாத பானங்களுக்கு ஒரு முழுப் பக்கம் வாங்கினேன். முதல் பானம் ஜாதிக்காய்ச் சாறு, எலுமிச்சை, இஞ்சி, துளி உப்பு, சோடா. கடைசியில் வாசனைக்குக் குட்டிப் புட்டியிலிருந்து மூன்று சொட்டு பிட்டர்ஸ். கசப்பு வேரும் பட்டையும் ஊறின சாறு அது. உலகத்தில் எந்தப் பாரிலும் அந்தப் புட்டி இருக்கும்.

அதை முதலில் கேட்டு வாங்கியவர் சிவா அண்ணன். பத்து காவான் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சகாக்களோடு வருவார், வராவிட்டால் ஆளை ஒதுக்கிவிடுவார்களாம். அவர் குடியால் அவர் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தைப்பிங்கில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வருஷம் ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருந்தால் திரும்பி வருவேன் என்பது நிபந்தனை. அப்போது அண்ணன் எட்டு மாசம் தாண்டியிருந்தார். ஒவ்வொரு வாரமும், "ஒரு சொட்டுகூட இல்லையேம்மா?" என்பார். நானும், "சத்தியமா இல்லண்ணே" என்பேன். முதல் நாள் பாதி கிளாஸ் குடித்ததும் அவர் சொன்னது இது: "எல்லாரும் மாதிரி கண்ணாடி கிளாஸ் பிடிச்சு உக்காந்து எத்தனை நாளாச்சு தெரியுமா? இன்னைக்கு ஒருத்தனும் என்னைப் பரிதாபமா பார்க்கல."

பாய் கண்ணாடி போட்டார்

எங்களுக்கு ஜாதிக்காயும் மசாலாச் சாமானும் கொண்டுவருகிற பாய், பாருக்குள் கால் வைக்கமாட்டார். பின்வாசலோடு சரி. ஒரு மத்தியானம் பெருமை தாங்காமல், சரக்கே இல்லாத பானம், குடித்துப் பாருங்கள் என்று நீட்டினேன். வாயில் வைக்குமுன் எதையும் லேபிள் படித்துப் பார்க்கிற மனுஷர். கலந்த புட்டி எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். சிரப், சோடா, எல்லாம் தேறியது. கடைசியில் அந்தக் குட்டிப் புட்டி. காகிதத்தை விரலால் நீவி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தவர், கிளாஸை அப்படியே படியில் வைத்துவிட்டார்.

நாற்பத்து நாலு சதவீதம் சாராயம். புட்டியை வாங்கி நானும் படித்தேன். ஆறு வருஷமாக என் கையில் புழங்கின புட்டி, ஒரு நாள் திருப்பிப் பார்த்திருப்பேனா! பாய் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. "ஏம்மா, பீர்லயே அஞ்சுதான் போட்டிருப்பான், அதுக்கே நான் எட்டடி தள்ளி நிக்கிற ஆளு."

உப்புக் கணக்கு

உள்ளே ஓடி, எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனியர் ஜேம்ஸ் அண்ணனிடம் புட்டியைக் காட்டினேன். அவருக்கு இது தெரிந்தே இருந்தது! எங்கள் தொழிலில் பிட்டர்ஸை யாரும் சரக்கில் சேர்ப்பதில்லையாம், அது மிளகு உப்பு மாதிரியாம். மூன்று சொட்டு ஒரு கிளாஸில் ஒன்றுமே இல்லையாம். நாளையிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடு, விஷயம் முடிந்தது என்றார் பாஸும்.

அளவு ஒன்றுமில்லைதான். ஆனால் பதினோரு வெள்ளிக்கிழமை சத்தியம் பண்ணியது என் வாய். சிவா அண்ணனிடம் சொல்லப்போகிறேன் என்றதும் ஜேம்ஸ் அண்ணன் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டார்: "உனக்குப் பைத்தியமா? அந்த ஆளு குடும்பம் சேரப்போற நேரத்துல நீ போய் குட்டையைக் குழப்பாத லா."

தைப்பிங் போன்

வெள்ளிக்கிழமை அவரைத் தனியாகக் கூப்பிட்டு, புட்டியையும் கையில் கொடுத்துச் சொன்னேன். அண்ணன் புட்டியைத் திருப்பி லேபிளைப் படித்தார். எத்தனை வாரம் என்று மட்டும் கேட்டார். பதினொன்று என்றேன். ஒரு அறை அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வெளியே கடை முகப்பு ஐந்தடி நடைபாதைக்குப் போய்ப் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். "குடிச்சிட்டேன், தெரியாம குடிச்சிட்டேன், பதினொரு வாரம்" என்றார். போனை என்னிடம் நீட்டினார்.

தப்பு என்னுது அக்கா, அண்ணன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று ஒரே மூச்சில் கொட்டினேன். போச்சு, ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அந்த அக்கா நிதானமாகச் சொன்னார்: "குடிச்சிட்டு குடிக்கலன்னு பதினஞ்சு வருஷம் சொன்ன மனுஷன்மா. இன்னைக்குத்தான் தானா கூப்பிட்டு குடிச்சேன்னு சொல்றாரு. வீட்டைக் கூட்டி வைக்கச் சொல்லு, நாளைக்கு நானும் பொண்ணும் வர்றோம்."

பினாங்கில் சரக்கில்லாத நல்ல பானம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் நான் சொல்வது, கேட்டவுடனே என்னை மாதிரி சத்தியம் பண்ணுகிற கடையில் மட்டும் உட்காராதீர்கள் என்பதுதான்.