தேசப்பன் ஏறாத டகோட்டா

டகோட்டா விமானம் ஒழிந்து ஃபோக்கர் வந்தது, ஆவ்ரோ வந்தது. கவரைப்பேட்டை தேசப்பன் மட்டும் ஒரே ஒரு தடவைக்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை விமானப் பாஸ் கேட்கவே இல்லை. பறக்கப் பயம் என்று சிலர் சிரித்தார்கள். பயமாம், மண்ணாங்கட்டி! நடந்ததைக் கேளுங்கள்.

மீனம்பாக்கத்தில் விமானத்துக்கு மூட்டை ஏற்றுவது அவர் வேலை. தரையில் நிற்கும் டகோட்டா வாலைத் தாழ்த்தி மூக்கைத் தூக்கிக்கொண்டிருக்கும். பின்கதவால் ஏறி, உள்ளே மேடேறித்தான் பாரத்தை முன்னறைக்குக் கொண்டுபோக வேண்டும். திருச்சிக்கும் மதுரைக்கும் எத்தனையோ மூட்டைகளை அனுப்பியவர், தாம் ஒருமுறைகூடப் பறந்ததில்லை.

மகள் மேரியைத் திருச்சியில் கொடுத்திருந்தார். சம்பந்தி வீட்டார் ரயில்வே உத்தியோகஸ்தர்கள். "உங்கப்பன் மூட்டை தூக்கிதானே" என்று அவள் சாப்பிட உட்காரும்போதே குத்துவார்களாம். பேத்திக்கு ஞானஸ்நானம் வந்தது. ஊழியர்களுக்கு உண்டான இலவசப் பாஸைத் தேசப்பன் முதல்முறையாகக் கேட்டு வாங்கினார். அப்பா விமானத்தில் வந்து இறங்குவதைப் பார்க்க, மேரி புகுந்த வீட்டு ஜனத்தையெல்லாம் மாலையோடு அழைத்து வருவதாக ஏற்பாடு. மகளின் மானமே அந்த ஏணிப்படியில் இருந்தது.

அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். பெட்டியோடு ஆளையும் எடை போடுகிற காலம் அது. அதுவும் ஆயிற்று. கடைசி நேரத்தில் பெரிய அதிகாரி ஒருவரின் மரப்பெட்டி வந்தது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ பித்தளைப் பாத்திரம். புது ஆட்கள் இருவர் அதை உள்மேட்டில் ஏற்றத் தெரியாமல் திணறினார்கள். தேசப்பனுக்குக் கை சும்மா இருக்குமா?

"தள்ளுங்கடா, சீட்டுல இடிக்கப் போவுது" என்று தோள் கொடுத்து, முன்னறையில் வைத்துக் கயிறும் கட்டிவிட்டு இறங்கினார்.

கீழே சூப்பர்வைசர் அருணாச்சலம் நின்றிருந்தார். "தேசப்பா, வெயிட்டு ஜாஸ்தியாப் பூட்ச்சி. ஒரு ஆளு கொறையணும். நீதான் பாஸு ஆளு."

"அந்தப் பொட்டி இப்பதான சார் வந்துச்சி?"

"அது ஐயாவோடதுப்பா. நீ நாளைக்குப் போயேன்."

"நாளைக்கா சார் என் பேத்திக்கு ஞானஸ்நானம்?"

நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள். அண்டாவுக்கு அவசரமாம், மனுஷன் காத்திருக்கலாமாம். அதையும் அவர் கையாலேயே ஏற்ற வைத்துவிட்டு, வியர்வை காயுமுன்னே சொல்கிறார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

தேசப்பன் மறுபடி உள்ளே போனார். கயிற்றை அவிழ்த்தார். பெட்டியைத் தோளில் சுமந்து வந்து அருணாச்சலத்தின் காலடியில் வைத்தார்.

"இன்னாய்யா பண்ற? வேலை பூடும்."

"போவட்டும் சார். நான் ஏத்தினத நான் எறக்கிட்டேன். வேணும்னா நீ ஏத்திக்கோ."

புது ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தேசப்பனை ஏறவிடாமல் அருணாச்சலம் மறித்தார். நேரமாகிவிட்டதென்று விமானி அவசரப்படுத்த, பெட்டியும் இல்லாமல் தேசப்பனும் இல்லாமல் டகோட்டா பறந்தது.

வேலை போய்விடும் என்றவர்களே, சாயங்காலம் ஆள் பற்றவில்லை என்று, திரும்பி வந்த அதே விமானத்தில் மூட்டை இறக்க அவரைக் கூப்பிட்டார்கள். வெட்கமே இல்லை. அழுக்கேறிய வெள்ளைச் சட்டையோடு ஏறினார். முன்னறையில் மூட்டைகளுக்கு மேலே ஒரு ரோஜா மாலை வாடிக் கிடந்தது. மேரி திருச்சியில் மூட்டை தூக்குகிறவரிடம் கொடுத்து அனுப்பியது. கடைசி ஆள் இறங்கும்வரை நின்று பார்த்தாளாம். சம்பந்தி வீட்டார் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்களாம்.

தேசப்பன் மாலையோடு இறங்கி வந்தார். மரப்பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. மாலையை அதன்மேல் சாத்தினார்.

"ஐயாவாண்ட சொல்லிடு சார்" என்றார் அருணாச்சலத்திடம். "எம் பொண்ணு குடுத்த மருவாதிய ஐயாவோட பொட்டிக்கே போட்டுட்டேன்."