ஓடும் ரயிலில் பெண் பார்த்தோம்: கோலார் தங்கவயலில் இரண்டு நாள்

பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணின் வீட்டுக்குப் போவார்கள், மிஞ்சினால் கோயிலுக்குப் போவார்கள். நாங்கள் பயணிகள் ரயிலுக்குப் போனோம். பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் விடுப்பு சொல்லிவிட்டு, என் தம்பி அருளுடன் கிளம்பிய கதை இது. தங்கவயலைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கல்யாணப் பேச்சைத் தாண்டிப் படித்தால் வழித் தகவலும் கிடைக்கும்.

எங்கள் வீடு சாந்தோம். அருள் அடையாறில் ஏசி மெக்கானிக், வயது முப்பத்திரண்டு. எங்கள் சர்ச் பங்கில் தெரிந்த ஒருவர் மூலமாக வந்த சம்பந்தம். பெண்ணின் பெயர் ஷீலா, பெங்களூரில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை, வீடு தங்கவயல், தினமும் ரயிலில் போய்வருகிறாள். அம்மாவுக்கு மூட்டு வலி, வர முடியவில்லை. "பொண்ணு மெட்ராஸுக்கு வருவாளான்னு மட்டும் தெளிவா கேட்டுட்டு வா, மத்ததெல்லாம் அப்புறம்" என்று சொல்லி அனுப்பினார். பெண்ணின் அப்பா தொலைபேசியில் வேறொன்று சொல்லியிருந்தார்: "வூட்ல பாத்தா புடவதாம்மா தெரியும். ரயில்ல பாரு, பொண்ணு தெரியும்."

சென்ட்ரலில் காலை ரயில். சாந்தோமிலிருந்து ஆட்டோவுக்கு 250 ரூபாய், ரயிலில் இரண்டாம் வகுப்பு இருக்கை ஒருவருக்கு 130. பங்காருப்பேட்டை கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர். ஐந்து மணி நேரத்துக்குள் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து தங்கவயலுக்குப் பேருந்தில் அரை மணி, 25 ரூபாய். குளிர் காற்று முகத்தில் அடித்ததும் எனக்குக் குஷி தாங்கவில்லை. சென்னைக்காரிக்கு ஜனவரியில் ஸ்வெட்டர் போடக் கிடைப்பதே ஒரு திருவிழா!

பேருந்து கர்நாடகத்தில் ஓடுகிறது, பலகையெல்லாம் கன்னடம். இறங்கிய நிமிடத்திலிருந்து காதில் விழுவது மட்டும் எங்கள் கடற்கரைக் குப்பத்துத் தமிழ். நிறுத்தத்தில் காத்திருந்த ஷீலாவின் அப்பா, "இன்னாம்மா, பஸ்ல எடம் கெட்ச்சதா? குளுரு எப்டி கீது?" என்றார். அருளுக்கு வாயெல்லாம் பல்.

அந்த அங்கிள் இருபத்தாறு வருடம் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். நூற்றிருபது வருடத்துக்கு மேல் தோண்டிய ஊர் இது. வட ஆற்காட்டிலிருந்து, பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பங்கள், கூலிக்காக இங்கே வந்து மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியிருக்கின்றன. சென்னையிலேயே பல தெருக்களில் விளக்கு இல்லாத காலத்தில் இங்கே மின்சாரம் வந்துவிட்டது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பங்களாவும் கிளப்பும், தொழிலாளிக்கு ஒரே சுவரில் வரிசையாக ஒட்டிக் கட்டிய சிறு வீடுகள். அந்த வரிசைக்கு 'லைன்' என்று பெயர். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். பங்களாக்கள் காலியாகிவிட்டன, லைன்களில் இன்றும் ஆள் இருக்கிறார்கள்.

சுரங்கக் கோபுரங்களை வெளியிலிருந்துதான் பார்க்கலாம், உள்ளே அனுமதி இல்லை. ஆனால் கழிவு மண்மேடுகளை யாரும் மறைக்க முடியாது. பொன்னைப் பிரித்தபின் மிஞ்சிய சாம்பல் நிற மண், ஊருக்கு நடுவே மலை மலையாக நிற்கிறது. முதலில் நான் "அய்யோ, என்ன அழகு!" என்று கத்தி, போனை எடுத்துவிட்டேன். அங்கிள் சிரித்தார். "காத்து மாசத்துல வந்து பாரு. சோத்துல, துணில, மூக்குல, எல்லாத்துலயும் இதுதான்." பத்தடிக்கு ஒருமுறை அவர் நின்றார், ஏதோ வேடிக்கை பார்ப்பதுபோல. பாறைத்தூசி நெஞ்சைத் தின்றுவிட்டது என்று எனக்குப் புரிய ஒரு தெரு தேவைப்பட்டது. போனை உள்ளே வைத்துவிட்டேன்.

ஒரு இடத்தில் நின்று அவர் சொன்னார்: "பொண்ணக் கூட்டிக்கினு பூடும்மா. இருட்டுல போவுது, இருட்டுல வருது. நானும் அப்டித்தான் போனேன், வந்தேன். சொரங்கம் மூடியும் எங்க வூட்ல யாரும் பகல பாக்கல."

மறுநாள் விடியுமுன் அந்த இருட்டுக்குள்தான் ரயில் ஏறினோம். ஆறு மணிக்குச் சற்றுமுன் தங்கவயலின் சாம்பியன் ஸ்டேஷனில் ஆயிரக்கணக்கானோர். பெங்களூர் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஊரில் பிழைப்பு இல்லாததால் தினமும் இந்த ஓட்டம். சோகமாக இருக்கும் என்று நினைத்தேன், ஏமாந்தேன்! ஒரு பக்கம் அவரைக்காய் நறுக்குகிறார்கள், ஒரு பக்கம் ஜெபமாலை, இன்னொரு பக்கம் யாருக்கோ பிறந்தநாள் கேக். பெண்ணுக்காக நாங்கள் கொண்டுவந்த தட்டிலிருந்த பூவும் பழமும் கை மாறிப் போய், பங்காருப்பேட்டை வருவதற்குள் ஆப்பிள் மொத்தமும் காலி. பெட்டிக்கே சம்பந்தம் பேச வந்தவர்கள் மாதிரி எங்களைப் பார்த்தார்கள். அதில் தப்பில்லை, எட்டு வருடமாக ஷீலா அவர்களோடுதான் அதிகம் பேசியிருக்கிறாள்.

ஷீலா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அருள் நின்றுகொண்டே வந்தான். இங்கே யார் எங்கே உட்காருவது என்பது வருடக்கணக்கில் முடிவானது, காலியாகத் தெரிந்தாலும் புதியவர் உட்காரக் கூடாது. எதிரில் இருந்த மேரி அக்கா, ஷீலாவின் லைன்காரர், வக்கீல் மாதிரி விசாரித்தார். "குடிப்பியா? சமைப்பியா? இன்னா சம்பளம்?" அருள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல, பெட்டியே மார்க் போட்டது.

நான் அம்மாவின் கேள்வியைக் கேட்டேன். ஷீலா சுற்றி வளைக்கவில்லை.

"வர ஆசதான்க்கா. ஆனா அப்பாவத் தனியா உட முடியாது, ராத்திரில மூச்சு நின்னு நின்னு வருது. கூட்டிக்கினு வந்தா வூட்டப் பூட்டணும். எங்க லைன்ல வூட்டப் பூட்ட மாட்டோம்."

எனக்குப் புரியவில்லை. ஒரு அறையும் சமையல் மூலையும்தானே, பூட்டினால் என்ன என்று கேட்டுவிட்டேன். மேரி அக்காதான் விளக்கினார். "பத்து வூட்டுக்கும் ஒரே செவுரும்மா. ஒண்ணு பூட்டிக் கெடந்தா கூரை போவும், மழத்தண்ணி எறங்கும், ரெண்டு பக்கத்து வூடும் ஊறிப் பூடும். பட்டாவும் இன்னும் கைக்கு வரல. காலி வூடு நெறைய ஆனா லைனே வாணான்னு கவர்மெண்ட்டுல சொல்லிடுவாங்க. அதான், போறவங்க யாரயாச்சும் குடி வச்சுட்டுத்தான் போவோம். இவளுக்கு வைக்க யாருங் கெடையாது."

கல்யாணப் பேச்சு இங்கேயே முறிந்தது என்று நினைத்தேன். மனசு விட்டுப்போனது, பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அப்போது அருள் ஷீலாவைப் பார்த்து, "நான் இங்க வந்துட்டா? பெங்களூர்ல ஏசி ஓடாத ஆபீஸா இருக்கு?" என்றான்.

ஷீலா முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள், காது சிவந்திருந்தது. மேரி அக்கா பக்கத்திலிருந்த மூன்று பேரையும் இடுப்பால் இடித்துத் தள்ளி, ஒரு சாண் இடம் உண்டாக்கினார். "ஒக்காரு நைனா. இனிமே இது உன் எடம்." பெட்டியில் கைதட்டல்! நானும் தட்டினேன், கண்ணும் கலங்கியது. ஒரு பெண்ணைக் கூட்டிப்போக வந்தவள், தம்பியை விட்டுவிட்டுப் போகப்போகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

போக நினைக்கிறவர்களுக்கு: இரண்டு நாள் போதும். ராபர்ட்சன்பேட்டையில் 900 ரூபாய்க்குச் சுத்தமான அறை கிடைத்தது. காற்று வீசும் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள், முகக்கவசம் எடுத்துப்போங்கள். மூடிய சுரங்கப் பகுதிகளுக்குள் குறுக்கு வழி தேடாதீர்கள், நிலம் உள்வாங்கும். லைன் வீடுகளைப் படம் எடுக்குமுன் கேளுங்கள், தண்ணீர்க் குடங்களுடன் நிற்பவர்கள் உங்களுக்காக நிற்கவில்லை. காலை ரயிலில் போனால் நின்றுகொண்டே போகத் தயாராக இருங்கள். கூப்பிட்டால் மட்டும் உட்காருங்கள்.

பெங்களூர் நடைமேடையிலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அந்த ரயிலப் புடிக்க எத்தன மணிக்கு எந்திரிக்கணும்?"

"நாலரைக்கும்மா."

"நாலரைக்கா? எட்டு மணிக்கே நான் மூணு தடவ தட்டி எழுப்பணும் அவன. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, பேரச் சொல்லிக் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டான், கால் கட்டை விரலப் புடிச்சு இழுக்கணும்."