மருமகள் படத்தில் ஆள் நடக்காத தெரு

எனக்கு எழுத்து கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ள வேண்டும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல வந்து பாதியில் மறந்தும் போகிறது. "ஒங்களுக்கு வாரபடி எழுதுங்க அத்தை" என்று மருமகள் சொன்னதால் எழுதுகிறேன்.

அவள் திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி படிக்கிறாள். அன்னவாசலிலிருந்து காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவாள். மதுரையில் நடக்கிற நாவல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கதை எந்தெந்தத் தெருவில் நடக்கிறது என்று அதையே தேடச் சொல்லி, ஊர்ப் படத்தில் புள்ளி வைக்கிறாள். ஒரு தெரு ஒரு தடவை வந்தால் ஒரு சிவப்புப் புள்ளி. நிறைய வந்தால் தெருவே சிவந்துவிடும்.

முதலில் காட்டியபோது மாசி வீதி நாலும் கோயிலைச் சுற்றிக் குங்குமம் கொட்டிய மாதிரி இருந்தது. அந்த நாவல்களை நூலகத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தவள் நான். அந்தந்தப் புத்தகத்தில் தனித்தனியாக நடந்தவர்கள் எல்லாரும் இங்கே ஒரே நேரத்தில் தேர் பார்க்க வந்துவிட்டார்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் தெரு எது, ஆள் எது என்று கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாதாம். கொஞ்சம் பக்கங்களில் நாம் காட்டிக் கொடுத்தால், அதைப் பார்த்து மற்றப் புத்தகங்களில் அதுவே கண்டுபிடிக்குமாம். அந்தப் பக்கங்களை அச்சடித்து, மஞ்சளாகப் பட்டை போடும் பேனாவோடு என்னிடம் தந்தாள்.

"கதைப் புத்தகம்னா அடுப்புல பால் பொங்குறதுகூடத் தெரியாது ஒங்களுக்கு. தெருப் பேரு வார எடத்துல எல்லாம் மஞ்சள் பூசுங்க. ஒங்களப் பாத்து அது கத்துக்கும்."

"என்னயப் பாத்தா? அதுக்கு வேற ஆளே கெடைக்கலயாத்தா?"

மத்தியானச் சமையல் முடிந்ததும் உட்கார்ந்து பூசுவேன். எனக்கு உதடு அசையாமல் வாசிக்க வராது. முணுமுணுத்துக்கொண்டே எல்லாப் பக்கமும் முடித்துக் கொடுத்தேன்.

பிறகு ஒருநாள் சாயங்காலம், காபி ஆறுவதுகூடத் தெரியாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊர் நடுவில் ஒரு கடைத்தெருவில் ஒரு புள்ளிகூட விழவில்லை. அவளுடைய கைடு மேடத்துக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எழுத்தாளர்கள் ஒதுக்கிய தெரு என்று தனியாக ஒரு பகுதி எழுதச் சொன்னார். அவளும் எழுதிவிட்டாள். அடுத்த வாரம் கல்லூரியில் எல்லார் முன்னாலும் அதை வாசிக்க வேண்டும்.

"மனசு ஒப்பல அத்தை. சுத்தி எல்லாத் தெருவுலயும் ஆளு நடக்குது. இங்கிட்டு மட்டும் ஈ காக்கா இல்ல. தப்புன்னு யாராச்சும் எந்திரிச்சுக் கேட்டா நான் எங்கிட்டுப் போயி நிப்பேன்?"

மேடமே நன்றாக இருக்கிறது என்றபிறகு வேறு ஒருத்தியாக இருந்தால் விட்டிருப்பாள். இவள் நான் பூசிய தாள்களை எடுத்துவந்து பக்கம் பக்கமாகப் பார்த்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

அந்தத் தெருவின் பெயர் என் வீட்டுக்காரர் பெயர். கல்யாணம் ஆனதிலிருந்து அந்தப் பெயரை நான் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் ரேஷன் கார்டை நீட்டிவிடுவேன். வாசிக்கும்போதும் அந்த இடம் வந்தால் உதடு மூடிக்கொள்ளும், கண் அடுத்த சொல்லுக்குப் போய்விடும். பேனாவும் கூடவே போயிருக்கிறது. அவள் காட்டும்வரை எனக்கே தெரியாது. பக்கத்துத் தெரு எல்லாம் மஞ்சள், அது மட்டும் வெள்ளை.

"நீங்க சொல்லல, அதனால அதுவும் சொல்லல. ஒங்கள மாதிரியே வெக்கப்படுது அத்தை."

எனக்கு உடம்பு கூசிப்போனது. "ஒன் படிப்புல மண்ணப் போட்டுட்டேனேத்தா. இப்ப என்ன செய்யிறது?"

"விட்ட எடத்துல பூசிக் குடுத்தா மறுபடி கத்துக்கும். இன்னும் நாள் இருக்கு."

உள்ளேயிருந்து அவர் எழுந்து வந்தார். "நான் வாசிக்கிறேன், நீ பூசு. அதுல ஒனக்கு என்ன போச்சு?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தாளில் விரலை வைத்துத் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்வார், நான் பூசுவேன். பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டது.

"யாரண்ணே இம்புட்டு நேரமா கூப்புடுறீங்க?"

"என்னையத்தான். வந்து தொலைய மாட்டேங்குறான்."

இரண்டு நாள் கழித்து மருமகள் படத்தைத் திறந்து காட்டினாள். அந்தத் தெரு முழுக்கச் சிவந்திருந்தது. வளையல் வாங்க வந்தவள், வேலை தேடி அலைந்தவன், கடன்காரனைக் கண்டு சந்துக்குள் ஒதுங்கியவன், எல்லாரும் அங்கேதான் நடந்திருக்கிறார்கள். எத்தனை புத்தகம் என்று அவள் சொன்னாள், மறந்துவிட்டேன். அத்தனையையும் ஒரு ராத்திரியில் வாசித்துவிடுகிறது அது. ஆனாலும் அது சொன்னதை நம்பாமல் தாளைத் திருப்பிப் பார்த்த பெண்ணை நினைத்தால்தான் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

எழுதிய பகுதியை எடுத்துவிட்டு வேறு எழுதினாள். கல்லூரியில் படத்தைக் காட்டி, தெரு ஒளிந்திருந்த கதையையும் சொன்னாளாம். கேள்வி எல்லாம் அதைப் பற்றித்தானாம். மேடம் அதையே விரித்து எழுதச் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் என்னிடம் இதைக் கேட்டாள்.

மதுரைக்கு நான் அதிகம் போனதில்லை. கம்ப்யூட்டர் விஷயமும் என் புத்திக்கு எட்டியதுதான். மருமகளோ விவரம் தெரிந்தவர்களோ ஒரு தடவை பார்த்துச் சரிசெய்தால் நல்லது. தெருவின் பெயர் வேண்டுமென்றால் அதை அவளே எழுதிச் சேர்த்துக்கொள்ளட்டும்.